குதியைக் கீழே வையுங்கோ

ஆய்வுக்கென்று எங்களுக்குத் தந்த அறைக்கு யன்னல் இல்லை. முன்பு அது பிளாஸ்ரர் மாவும் ஊன்றுகோல்களும் போட்டு வைத்த ஸ்ரோர். ஊன்றுகோல்களை ஒரு மூலைக்குத் தள்ளிவிட்டு, ஒரு மேசை, இரண்டு கதிரை, உயரம் அளக்கிற தடி, குதிக்கால் வைத்துப் பார்க்கிற மிசின் எல்லாவற்றையும் உள்ளே நெருக்கி வைத்தோம். உள்ளே வருகிறவர் சொல்வது வெளியே கேட்கக்கூடாது என்பது விதி, அதனால் கதவைச் சாத்தவேண்டும். சாத்தினால் காற்று இல்லை. காற்றாடியைப் போட்டால் சுவரில் ஒட்டிக்கிடந்த பிளாஸ்ரர் தூசு கிளம்பித் தலையில் இறங்கும். பின்னேரம் நான் வெளியே வரும்போது வாசல் காவலாளி ஐயா ஒவ்வொரு நாளும் அதே பகிடியைத்தான் விடுவார்.

"காலமை பெடியனாப் போனவர், பின்னேரம் கிழவனா வாறார்."

ஏ-ஒன்பது வீதியிலே இருக்கிற ஓர் ஆஸ்பத்திரியின் எலும்புப் பிரிவில் ஆய்வு உதவியாளனாக எனக்கு ஒரு வருட ஒப்பந்தம். எங்கள் குடும்பத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டின முதல் ஆள் நான். அப்பா மல்லாவிப் பக்கம் வயல் செய்கிறவர். அம்மா தன் பெயரை எழுதுவா, ஆனால் வேறு எதையும் எழுதமாட்டா. நான் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறேன் என்றதும் ஊரில் பலர் என்னை டொக்டர் என்றே முடிவு செய்துவிட்டார்கள். அப்பா அதைத் திருத்தப் போகவில்லை. நானும் முதல் இரண்டு மாதம் திருத்தவில்லை.

ஆய்வு, எலும்புச் சத்திரசிகிச்சை நிபுணருடைய யோசனை. நாங்கள் எல்லாரும் அவரை சேர் என்றுதான் சொல்வோம். நேர்முகத்தில் அவர் என்னிடம் சொன்னது இன்றைக்கும் ஞாபகம். "நோயாளியின்ர எலும்பைப் பற்றி எல்லாரும் ஆராயினம். நோயாளியைத் தூக்கி இறக்கிறவளின்ர எலும்பைப் பற்றி ஒருத்தரும் கேட்டதில்லை. நாங்கள் கேப்பம்." அந்தச் சொல்லுக்காகவே இந்த வேலையை எடுத்தேன்.

எலும்பு மெலிந்திருக்கிறதா என்று பார்க்க, ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற, மாதவிலக்கு நின்றுபோன பெண்கள் ஒவ்வொருவராக வருவார்கள். தாதியர், சிற்றூழியர், சமையலறைப் பெண்கள். காலைக் கழுவித் துடைத்து, குதியில் ஜெல் களி பூசி, மிசினுக்குள் வைக்கச் சொல்வேன். அது கொஞ்ச நேரம் உறுமிவிட்டு ஓர் இலக்கம் காட்டும். அந்த இலக்கம் முடிவல்ல. யாருடைய எலும்பில் சந்தேகப்படவேண்டும் என்பதை மட்டும் அது சொல்லும். அதன்பிறகு கேள்விகள். வயது, முன்பு எலும்பு முறிந்திருக்கிறதா, உயரம் குறைந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றுக்கும் புள்ளி. எல்லாம் கூட்டி ஒரு கோட்டைத் தாண்டுகிறவர்களை யாழ்ப்பாணத்துக்குப் பெரிய ஸ்கானுக்கு அனுப்புவோம். கோட்டுக்குக் கீழே நிற்கிறவர்களுக்கு ஒரு துண்டுப்பிரசுரம் கொடுப்போம். அதிலே பால் குடிக்கும் ஒரு குடும்பத்தின் படம் இருந்தது.

எனக்குச் சிக்கல் தொடங்கியது நாலாவது கேள்வியில். வயது.

"எந்த வயசு தம்பி?" என்று முதல்நாளே ஒரு சமையலறை அம்மா கேட்டா.

"உங்கட வயசுதான் அம்மா."

"அது விளங்குது. கந்தோர் வயசோ, வீட்டு வயசோ?"

நான் முழித்தேன். அவவோடு துணைக்கு வந்து வெளியே நின்றவ கதவைத் தள்ளித் தலையை நீட்டிச் சொன்னா. "சின்னப் பெடியனை ரெண்டையும் சொல்லிக் குழப்பாதை. கந்தோர் வயசைச் சொல்லு. அதுதான் உனக்கு வடிவு."

இது எங்கள் பக்கத்துக் கதை. யுத்தத்தில் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து பெட்டிகள் போயின, பெட்டிகளுக்குள் இருந்த பிறப்புச் சான்றிதழ்களும் போயின. முகாமிலிருந்து வெளியே வந்தபிறகு உத்தேச வயதுச் சான்றிதழுக்கு வரிசையில் நின்றவர்கள், அதிகாரி கேட்டபோது வாயில் வந்த வயதைச் சொன்னார்கள். சிலர் தெரியாமல் சொன்னார்கள். சிலர் நன்றாகத் தெரிந்தே சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் தொண்டர்களாக வருடக்கணக்கில் சும்மா கூட்டித் துடைத்த பெண்களுக்கு நிரந்தர நியமனம் வரப்போகிறது, ஆனால் வயதெல்லை இருக்கிறது என்று அப்போதே கதை அடிபட்டது. அதைக் கேட்டுவிட்டு இளமையானவர்கள் பலர். அந்தக் கந்தோர் வயதோடு சான்றிதழ் வந்தது, அடையாள அட்டை வந்தது, பிறகு நியமனமும் வந்தது. எலும்பு மட்டும் வீட்டு வயதிலேயே நின்றது.

நான் ஓடிப்போய் சேரிடம் கேட்டேன். அவர் எக்ஸ்ரே ஒன்றை வெளிச்சத்துக்குப் பிடித்தபடி, என்னைப் பார்க்காமலே சொன்னார். "அவையள் சொல்லுறதை எழுதும். நாங்கள் பொலிஸ் இல்லை." படிவத்தின் தலைப்பிலும் அப்படித்தான் அச்சடித்திருந்தது: பங்குபற்றுபவர் சொல்லும் விடையை அப்படியே எழுதவும். எனக்கு நிம்மதியாக இருந்தது. விதி என்று ஒன்று இருந்தால் எனக்கு எப்போதும் நிம்மதி. பள்ளிக்கூடத்திலும் நான் கோடு போட்ட கொப்பியில் கோட்டை விட்டு விலகாமல் எழுதுகிறவன்.

பெரியம்மா கடைசியாகத்தான் வந்தா.

பெரியம்மா என்றால் அம்மாவின் சொந்த அக்கா. அந்த ஆஸ்பத்திரியின் ஒப்பரேசன் தியேட்டரில் சிற்றூழியர். பெரியப்பா இல்லை, பிள்ளைகளும் இல்லை. கிளிநொச்சியில் ஓர் அறையும் குசினியும் கொண்ட வீடு. உயர்தரம் படிக்க நான் அந்த வீட்டில்தான் இரண்டரை வருடம் கிடந்தேன். பாயில் நான், சாக்குக் கட்டிலில் அவ. காலையில் அவ வேலைக்குப் போகுமுன் எனக்குப் பாணும் சம்பலும் மூடி வைத்துவிட்டுப் போவா. என் சோதனை முடிவு வந்த நாளில் தியேட்டர் முழுக்கத் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தா என்று பிறகு மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அம்மாவுக்கு ஐம்பத்தெட்டு. பெரியம்மா அம்மாவை விட நாலு வயது மூப்பு. ஆனால் அடையாள அட்டையில் பெரியம்மாவுக்கு ஐம்பத்தாறு. "உலகத்திலேயே தங்கச்சியை விட இளமையான அக்கா எங்கட வீட்டிலதான்" என்று அப்பா பகிடி பண்ணுவார். "பொறாமைப்படாதைங்கோ. நான் இன்னும் இளந்தாரிப் பொம்பிளை" என்பா பெரியம்மா.

அவவுக்கு நியமனம் கிடைத்தது பிந்தித்தான். ஓய்வூதியத்துக்குப் பத்து வருடச் சேவை வேண்டும். இன்னும் இரண்டு வருடமும் பத்து மாதமும் இருந்தது. கந்தோர் வயதின்படி அந்தப் பத்து வருடம் அறுபதுக்குள் மட்டுமட்டாக அடங்கும். வீட்டு வயதின்படி அவ ஏற்கெனவே வீட்டில் இருக்கவேண்டியவ.

கதவைச் சாத்திவிட்டுக் கதிரையில் இருத்தினேன். காலைக் கழுவ நான் குனிந்தபோது, "விடடா, நான் கழுவுறன். நீ படிச்ச பெடியன்" என்று தட்டிவிட்டா. மிசின் உறுமியது. இலக்கத்தைப் பார்த்தேன். அதுவரைக்கும் நான் பார்த்த இலக்கங்களில் மோசமானவற்றில் ஒன்று அது. முகத்தில் எதையும் காட்டக்கூடாது என்று எங்களுக்குப் பயிற்சி தந்திருந்தார்கள். அந்தப் பயிற்சி பெரியம்மாவிடம் பலிக்கவில்லை.

"என்ன, உன்ர மிசினுக்கு என்னைப் பிடிக்கேல்லையோ?"

"அப்பிடி ஒண்டுமில்லை பெரியம்மா. வயசு?"

"ஐம்பத்தாறு."

எழுதினேன்.

"எலும்பு எப்பவாவது முறிஞ்சிருக்கோ?"

"இல்லை."

என் பேனை அந்த இடத்தில் நின்றது. இரண்டு வருடத்துக்கு முன் குளியலறை வாசலில் வழுக்கி, இடது கையை ஊன்றி விழுந்தவ. மணிக்கட்டு முள்ளுக்கரண்டி மாதிரி வளைந்துபோய் இருந்தது. எலும்பு ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற மனுசி, அந்த ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டன் என்று விட்டா. அங்கே எக்ஸ்ரே எடுத்தால் அட்டையில் பதியும். அட்டையில் பதிந்தால் லீவு, லீவு வந்தால் மெடிக்கல் போர்ட், போர்ட்டுக்குப் போனால் ஏலாத ஆள் என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கோயில் திருவிழா என்று மிச்சமிருந்த லீவு முழுவதையும் போட்டுவிட்டு, என் மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏறினா. கனகராயன்குளத்துக்கு உள்பக்கமாக ஒரு முறிவு வைத்தியர் வீடு இருந்தது. அங்கே பச்சிலைப் பத்துப் போட்டு, மட்டை வைத்துக் கட்டினார்கள். வழி நெடுக ஒவ்வொரு குழியிலும் என் தோளைப் பிடித்திருந்த அவவின் வலது கை இறுகியது. அன்றைக்கு அந்த மோட்டார் சைக்கிளை ஓட்டினவன்தான் இன்றைக்கு இந்தக் கேள்வியைக் கேட்கிறவன்.

"இல்லை எண்டு சொன்னனான். எழுது" என்றா பெரியம்மா. கட்டுக்குள் வளைந்தபடியே பொருந்திவிட்ட அந்த மணிக்கட்டை மடியில் வைத்து, மற்றக் கையால் மூடியிருந்தா.

சொல்லும் விடையை அப்படியே எழுதவும். எழுதினேன்.

உயரம் அளந்தேன். நியமனத்தின்போது எல்லாருக்கும் எடுத்த உயரம் எங்களுடைய படிவத்திலேயே பதிந்து வந்திருந்தது. தடியின் மேல்பலகையை அவவின் தலையில் இறக்கி, எட்டி இலக்கத்தைப் பார்த்தேன். அதே உயரம். ஒரு நூல் குறையவில்லை. இது மட்டும் நல்லது என்று நினைத்துக்கொண்டேன்.

கூட்டிப் பார்த்தேன். கோட்டுக்குச் சற்றுக் கீழே. உண்மை வயதைப் போட்டால் மேலே. மணிக்கட்டைப் போட்டால் இன்னும் மேலே. இரண்டையும் போடாததால் பெரியம்மாவுக்குப் பால் குடிக்கும் குடும்பத்தின் படம் கிடைத்தது. அதை மடித்து உடுப்புக்குள் வைத்துக்கொண்டு போனா.

யாழ்ப்பாணத்துக்கு அனுப்புகிறவர்களின் பட்டியலை அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் தரச் சொன்னார் சேர். எங்கள் அறைக்கு அடுத்தது பிளாஸ்ரர் போடுகிற அறை. முறிந்த காலைத் தூக்கிப் பிடிக்க ஆள் காணாதபோது தியேட்டரிலிருந்து பெரியம்மாவைத்தான் கூப்பிடுவார்கள். பிளாஸ்ரர் இறுகும் வரைக்கும் ஆடாமல் அசையாமல் ஒரு மனிதனின் முழுக்காலையும் ஏந்திக்கொண்டு நிற்கவேண்டும். பலகைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் இருந்து எனக்கு எல்லாம் கேட்கும். "பொறுங்கோ ஐயா, இந்தா முடிஞ்சுது. அழாதைங்கோ, உங்கட பேரப்பிள்ளை பாக்குது." அவ பேசப் பேச நான் மேசையில் படிவங்களை அடுக்கிக்கொண்டிருப்பேன். ஒரு முள்ளந்தண்டு எலும்பு நசுங்க எவ்வளவு பாரம் போதும் என்று படித்திருந்தேன். படித்ததை எங்கே கொண்டுபோய் வைப்பது என்றுதான் தெரியவில்லை. சேரிடம் சொன்னால் அவவின் வேலை போகும். சொல்லாவிட்டால் அவவின் இடுப்பும் நாரியும் போகும். விதியைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம் என்றால் அந்த விதியே பொய்யை எழுதச் சொல்லுகிறது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கிளிநொச்சிக்குப் போனேன். பெரியம்மா குசினி வாசலில் இருந்து சீருடைச் சட்டையின் விளிம்பை மடித்துத் தைத்துக்கொண்டிருந்தா.

"என்ன தைக்கிறியள்?"

"இந்தக் கோதாரித் துணி தோய்க்கத் தோய்க்க நீளுது. போன மாரிக்கும் மடிச்சனான். இப்ப திரும்பவும் நிலத்தில இழுபடுது."

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். அந்தச் சீருடைத் துணி எனக்குத் தெரியும். இரண்டரை வருடம் அதைத் தோய்த்துக் காயப்போட்டவன் நான். அது சுருங்குமே ஒழிய நீளாது.

"பெரியம்மா, அண்டைக்கு உயரம் அளக்கேக்க குதியைத் தூக்கினீங்களோ?"

ஊசியை வாயில் பிடித்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தா. பிறகு பிடிபட்ட பிள்ளை மாதிரிச் சிரித்தா.

"நீ மேல பாத்துக்கொண்டு நிண்டனி. கீழ பாக்கவேணும் எண்டு உனக்கு அங்க படிப்பிக்கேல்லையோ?"

தேத்தண்ணி நேரத்தில் பெண்கள் கூடி என் கேள்விகள் எல்லாவற்றையும் கதைத்திருக்கிறார்கள். உயரம் குறைந்தால் யாழ்ப்பாணம், யாழ்ப்பாணத்திலிருந்து கடுதாசி வந்தால் மெடிக்கல் போர்ட் என்று அவர்களுக்குள் முடிவாகியிருக்கிறது. பெரியம்மா வீட்டுச் சுவரில் பழைய உயரத்துக்குக் கோடு போட்டு, இரண்டு நாள் அதுவரைக்கும் குதி தூக்கிப் பழகிவிட்டுத்தான் வந்திருக்கிறா.

நான் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தேன். வாயில் எல்லாம் ஒன்றாக வந்தது. "இது விளையாட்டில்லை பெரியம்மா. உங்கட எலும்பு சல்லடையாக் கிடக்குது. ஒரு நாளைக்கு ஆளைத் தூக்கேக்க நாரி முறிஞ்சு விழுந்தா, பிறகு ஆர் பாக்கிறது? குளிசை இருக்கு. முதல் ஸ்கான் எடுக்கவேணும். அதுக்கு உண்மையைச் சொல்லவேணும்."

"எந்த உண்மையை?"

"உங்கட வயசை. கையை. எல்லாத்தையும்."

"சொன்னா ரெண்டு வருசமும் பத்து மாசமும் உன்ர மிசின் வந்து வேலை செய்யுமோ?"

"நான் பாப்பன் உங்களை."

"நீயோ?" நூலைப் பல்லால் கடித்து அறுத்தா. "உனக்கு ஒரு வருசக் கொன்ராக்ற். நீ முதல் உன்னைப் பார்."

கோபத்தில் நான் ஒரு சொல் சொல்லிவிட்டேன். இப்போதும் அதை எழுதக் கூசுகிறது. "பொய் வயசில பென்சன் எடுக்கிறதும் ஒரு பிழைதானே" என்றேன்.

பெரியம்மா சட்டையை மடியில் வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டா. "நீ எத்தினையாம் ஆண்டு பிறந்தனி?"

சொன்னேன்.

"அது கடுதாசியில. நீ பிறந்ததை நான் கண்ணால கண்டனான்."

எனக்குத் தெரியாத கதையல்ல அது. ஆனால் அத்தனை விண்ணப்பப் படிவங்களில் அந்த ஆண்டை எழுதி எழுதி, நான் அதற்குள்ளேயே பிறந்துவிட்டேன். முகாமால் வந்து பள்ளிக்கூடத்தில் சேரப் போனபோது, வயதுப்படி ஏழாம் வகுப்பில்தான் இருத்துவோம் என்றார்கள். எனக்கு அப்போது ஐந்தாம் வகுப்புப் புத்தகமே திக்கித் திணறித்தான் வாசிக்க வரும். அம்மா பள்ளிக்கூட மாமரத்துக்குக் கீழே நின்று அழுதது நினைவிருக்கிறது. கடுதாசி வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் பெரியம்மா. கந்தோருக்கு என்னைக் கையில் பிடித்துக்கொண்டு போனா.

"இவன் ரெண்டு வருசம் இளமை எண்டு நான்தான் சத்தியம் பண்ணினனான். அந்தப் பொய்யை அண்டைக்கு நான் சொல்லாட்டி நீ இண்டைக்கு ஆரின்ரயோ மாட்டை மேய்ச்சுக்கொண்டு நிப்பாய். அதை நான் பிழை எண்டு ஒரு நாளும் நினைச்சதில்லை." ஊசியில் நூலைக் கோக்க முயன்றா. நூல் நுனியை நாக்கால் ஈரமாக்கினா. "என்ர வயசை நீ திறந்தா, உன்ர வயசும் அதே அலுமாரியிலதான் கிடக்குது. வெருட்டிறன் எண்டு நினையாதை. இருக்கிறதைச் சொல்லுறன். சாப்பிட்டுப் போ."

சாப்பிட்டேன். மரவள்ளிக்கிழங்குக் கறி. என்ன ருசி என்று தெரியாமல் விழுங்கினேன். பஸ்ஸில் திரும்பும்போது யன்னலோரம் இருந்தும் எனக்கு அந்த ஸ்ரோர் அறைக்குள் இருப்பது போலத்தான் மூச்சு முட்டியது. என் பட்டம், என் வேலை, என் நேர்மை எல்லாம் அவ சொன்ன ஒரு பொய்யின் மேல் நின்றுகொண்டிருக்க, நான் அவவின் பொய்யைத் திருத்தப் போயிருந்தேன்.

ஒன்று மட்டும் கையில் மிஞ்சியது. வயதை நான் திறக்க ஏலாது. கையும் அப்படித்தான். ஆனால் உயரம் அவ சொல்லும் விடையல்ல, நான் அளக்கிற அளவு. அளந்தது பிழை என்று அளந்தவனுக்குச் சந்தேகம் வந்தால் திரும்ப அளக்கலாம் என்றும் விதியில் இருந்தது. குதியைப் பார்க்காமல் விட்டது என் பிழை. அந்தப் பிழையைத் திருத்தினால், ஒருத்தருடைய வயதையும் தொடாமல் அவ கோட்டைத் தாண்டுவா. தாண்டினால் ஸ்கான், ஸ்கானுக்குப் பிறகு கடுதாசி, கடுதாசிக்குப் பிறகு என்ன என்று எனக்குத் தெரியாது. அவவுக்குத் தெரியும். அதனால்தான் குதியைத் தூக்கினவ.

புதன்கிழமை அந்தப் பக்கத்து அறைக்கு ஒரு கமக்காரரைக் கொண்டுவந்தார்கள். உழவு இயந்திரத்தால் விழுந்து கீழ்க்கால் முறிந்தவர். வழமை போலப் பெரியம்மாவின் குரல் கேட்டது. "மூச்சை இழுத்து விடுங்கோ அண்ணை." அதன்பின் அந்த மனிதன் போட்ட சத்தத்தில் மூலையில் சாய்த்திருந்த ஊன்றுகோல் ஒன்று சரிந்து விழுந்தது.

கதவைத் திறந்துகொண்டு ஓடினேன். காலை இளம் டொக்டர் ஒருவர் ஏந்திப் பிடித்திருந்தார். ஈரப் பிளாஸ்ரர் நிலமெல்லாம் சிந்தியிருந்தது. பெரியம்மா சுவரோடு ஒட்டி நின்றா. ஒரு கை நாரியில். வெளிறின முகத்தில் வேர்வை.

"என்ன நடந்தது?" என்று தாதி கேட்டா.

"கை வழுக்கிப் போச்சு மிஸ்ஸி" என்றா பெரியம்மா. என்னைக் கண்டதும் நாரியில் இருந்த கையை எடுத்துவிட்டா.

வியாழக்கிழமை காலை நான் அறையைத் திறக்குமுன்பே வாசலில் நின்றா. உள்ளே வந்து கதவைத் தானே சாத்தினா.

"இவ்வளவு காலத்தில ஒருத்தற்ற காலையும் நான் விட்டதில்லை" என்றா. "நேற்று விட்டிட்டன். அந்த மனிசன் கத்தினது இன்னும் காதுக்க கிடக்குது. என்ர நாரி முறிஞ்சா அது என்ர. அவரின்ர கால் அவரின்ர." செருப்பைக் கழற்றிவிட்டுத் தடியின் கீழ்ப் பலகையில் ஏறினா. "வயசைக் கேக்கப்படாது. கையைக் கேக்கப்படாது. அளக்கிறதெண்டா அள."

நான் பலகையைத் தலைக்கு இறக்கினேன். இந்தமுறை கீழே பார்த்தேன். வெடித்த பாதங்கள் இரண்டும் விரல் நுனியில் நின்றன.

"பெரியம்மா, குதியைக் கீழே வையுங்கோ."

"பழகிப் போச்சடா."

"வையுங்கோ."

இடது குதி இறங்கியது. பிறகு வலது. அவ என் கண் முன்னாலேயே கட்டையாகிப் போனா. மேல்பலகைக்கும் தலைக்கும் நடுவே என் மூன்று விரல் போகிற இடைவெளி. நான் அந்த இடைவெளியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"எழுதினியோ?" என்று கேட்டா.

எழுதினேன். முதல் அளவைக் கோடு போட்டு வெட்டி, பக்கத்தில் என் கையெழுத்தை வைத்து, அளந்தவரின் பிழை என்று எழுதினேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கடுதாசியில் நாரி எலும்பொன்று எப்போதோ நசுங்கி, நசுங்கினபடியே ஆறியிருக்கிறது என்று இருந்தது. சேர் அதை இரண்டு தரம் வாசித்தார்.

"ஐம்பத்தாறு வயசுக்கு இது கூடத்தான்" என்றார். "இவவைப் பற்றி உமக்கு வேற ஏதாவது தெரியுமோ?"

"படிவத்தில எழுதினதுதான் சேர்."

கடுதாசியை மடித்து மேசையில் வைத்தார். அவருக்குத் தெரிந்திருக்கும் என்று எனக்கு ஒரு நினைப்பு. தெரிந்தாலும் அவர் பொலிஸ் இல்லை. கிழமைக்கு ஒருமுறை எடுக்கிற குளிசை எழுதினார். பாரம் தூக்கக்கூடாது என்று ஒரு கடுதாசியும் எழுதினார். அந்தக் கடுதாசிதான் பெரியம்மா பயந்தது.

"தூக்காத ஆளை வைச்சுக்கொண்டு நான் என்ன செய்யிறது? பூச்சாடி மாதிரி மூலையில வைக்கிறதோ?" என்று சிற்றூழியர் பொறுப்பாளர் கத்தினது மேல்மாடி வரைக்கும் கேட்டதாம். கடைசியில் அவவைத் தியேட்டரிலிருந்து எடுத்து, துணிகள் எண்ணி அடுக்குகிற அறையில் போட்டார். அந்த அறைக்கும் யன்னல் இல்லை. மெடிக்கல் போர்ட்டுக்குப் பெயர் போயிருக்கிறது, நாள் வரும் என்றார்கள். இந்த வரிகளை எழுதும்வரைக்கும் நாள் வரவில்லை. தபால்காரர் ஆஸ்பத்திரி வாசலில் சைக்கிளை நிறுத்துகிற ஒவ்வொரு காலையும் பெரியம்மா துணியறை வாசலுக்கு வந்து நின்று பார்த்துவிட்டுப் போகிறா என்று காவலாளி ஐயா சொன்னார்.

பெரியம்மா மூன்று மாதம் என்னோடு கதைக்கவில்லை. அந்தக் குளிசையை வெறும் வயிற்றில் போட்டால் அரை மணித்தியாலம் படுக்கவோ குனியவோ கூடாது. செவ்வாய்க்கிழமைகளில் அதைப் போட்டுவிட்டு, ஆஸ்பத்திரி பஸ்ஸில் தடி மாதிரி நிமிர்ந்து இருந்து வருவா. நான் வழியில் அதே பஸ்ஸில் ஏறி, பின்னால் இருந்து அந்த நிமிர்ந்த முதுகைப் பார்த்துக்கொண்டு வருவேன். போட்டிருக்கிறா என்று தெரியும். அது போதும் என்று நினைப்பேன். பஸ் ஆஸ்பத்திரிக்குள் திரும்பும்போது அது போதாது என்றும் நினைப்பேன்.

ஒப்பந்தத்தை இன்னொரு வருடம் நீட்டினார்கள். அதே ஆட்களைத் திரும்ப அளக்கவேண்டும். அதே அறை, அதே தூசு. இந்தமுறை பெரியம்மா முதல் ஆளாக வந்தா. கதவைச் சாத்தினேன். காலைக் கழுவக் குனிந்தேன். தடுக்கவில்லை. அந்த மூன்று மாதத்துக்குப் பிறகு நாங்கள் கதைத்தோம்தான், ஆனால் சோறு, மழை, அம்மாவின் முழங்கால் பற்றி மட்டும்.

நாலாம் கேள்விக்கு வந்தேன். படிவத்தில் இருக்கிறது, கேட்கத்தான் வேண்டும்.

"வயசு?"

"ஐம்பத்தேழு." என் முகத்தைப் பார்த்தா. "உனக்கு எத்தினை தம்பி?"

"இருபத்தாறு" என்று என் கந்தோர் வயதைச் சொன்னேன்.

"ம். எழுது."

எழுதினேன். பிறகு எழும்பித் தடியின் பலகையில் ஏறினா. நான் கேட்குமுன் அவவே சொன்னா.

"கீழதான் கிடக்குது. வடிவாக் குனிஞ்சு பார்."

குனிந்து பார்த்தேன். இரண்டு குதியும் பலகையில் இருந்தன.